எல்லாரும் லீவுக்கு ஆச்சி வீட்டுக்குப் போகிறோம், மதினி எப்போது போவது?

தாமிரபரணிக்காரி | ஏப்ரல் 6

வணக்கம். ஒரு விஷயத்தில் உங்கள் யோசனை வேண்டும். கொஞ்சம் நீளமாக எழுதுகிறேன், பொறுத்துக்கொள்ளுங்கள்.

நாங்கள் சென்னையில் இருக்கிறோம். இரண்டு பிள்ளைகள், மூத்தவனுக்கு வயது 11, சின்னவளுக்கு 7. அம்மா வீடு சேரன்மகாதேவிக்குப் பக்கத்தில் ஒரு கிராமம். அங்கே அம்மா, அண்ணன், மதினி, அவர்கள் பிள்ளைகள் இரண்டு பேர், இரண்டு பசுமாடு. வருஷா வருஷம் பரீட்சை முடிந்ததும் நான், பெங்களூரிலிருந்து அக்கா, திருப்பூரிலிருந்து சித்தப்பா மகன் வீட்டார் எல்லாரும் பிள்ளைகளோடு அங்கே போய்விடுவோம். பிள்ளைகள் மட்டும் 8 பேர், பெரியவர்களோடு சேர்த்து 14. ஒரு மாசம் வீடு திருவிழா மாதிரி இருக்கும். காலையில் கிணற்றுக் குளியல், வெயில் ஏறினால் திண்ணையில் தாயமும் பல்லாங்குழியும், சாயங்காலம் ஆற்றங்கரை, ராத்திரி மொட்டை மாடியில் பத்தமடைப் பாய் விரித்து வரிசையாகப் படுக்கை. சென்னையில் எந்தக் கோடைப் பயிற்சி முகாமுக்கு அனுப்பினாலும் இது கிடைக்காது என்று இன்றைக்கும் உறுதியாக நினைக்கிறேன்.

போன வருஷம் மே கடைசியில் ஒரு நாள், அண்ணன் மகள், 8 வயது, என் மடியில் உட்கார்ந்து பேன் பார்க்கத் தலையைக் கொடுத்துக்கொண்டே கேட்டாள்: "அத்தை, நீங்கல்லாம் எப்ப ஊருக்குப் போவீங்க? நீங்க போனாத்தான் அம்மா எங்கள கோவில்பட்டி ஆச்சி வீட்டுக்குக் கூட்டிட்டுப் போவாங்களாம்."

குழந்தை அதில் குத்தம் எதுவும் வைத்துச் சொல்லவில்லை. பாவம், நாள் கணக்குத்தான் கேட்டாள். எனக்குக் கை அப்படியே நின்றுவிட்டது. நாங்கள் கிளம்பியது 30-ஆம் தேதி. இரண்டு நாளில் பள்ளிக்கூடம் திறந்துவிட்டது. யோசித்துப் பார்த்தால் அதற்கு முந்தைய வருஷமும் அப்படித்தான், அதற்கு முந்தையதும். மதினி கல்யாணமாகி வந்து 12 வருஷம். ஒரு மே மாசம் கூட அவர்கள் அம்மா வீட்டில் முழுசாக ஒரு வாரம் இருந்ததில்லை. எங்கள் பிள்ளைகள் ஆச்சி வீட்டில் இருப்பதால் அவர்கள் பிள்ளைகளுக்கு ஆச்சி வீடு இல்லை.

மதினி ஒரு வார்த்தை சொன்னதில்லை. ஒரு நாள் விடிகாலை நாலரை மணிக்குத் தண்ணீர் குடிக்கப் போனபோது, தனியாக உட்கார்ந்து 14 பேருக்குச் சட்னிக்குத் தேங்காய் துருவிக்கொண்டிருந்தார்கள். "நான் துருவட்டுமா மதினி" என்றேன். "நீங்க போய்ப் படுங்க, லீவுக்கு வந்திருக்கீங்க" என்றார்கள். நானும் போய்ப் படுத்துவிட்டேன். அதை நினைத்தால்தான் இப்போது மனசு கேட்கவில்லை.

இந்த வருஷம் நான் நினைப்பது: நாங்கள் போய்ச் சேர்ந்த மறுநாளே மதினியும் பிள்ளைகளும் 10 நாள் கோவில்பட்டிக்குப் போகட்டும். வீட்டை நானும் அக்காவும் பார்த்துக்கொள்கிறோம். இதை அம்மாவிடம் எப்படிச் சொல்வது, மதினி சம்மதிப்பார்களா, செலவை எப்படிப் பகிர்வது? இதைச் செய்து பார்த்தவர்கள் யாராவது இருந்தால் சொல்லுங்கள்.

---

இரண்டு பிள்ளை அப்பா | ஏப்ரல் 6

முதலில் டிக்கெட். 2024 நவம்பரிலிருந்து ரயில் முன்பதிவு 120 நாளிலிருந்து 60 நாளாகிவிட்டது. மே முதல் வாரத்துக்கு நெல்லை எக்ஸ்பிரஸில் இந்நேரம் காத்திருப்போர் பட்டியல்தான் இருக்கும். தட்கல் என்றால் ஏசி வகுப்புக்குக் காலை 10 மணி, ஸ்லீப்பருக்கு 11. திரும்பி வரும் டிக்கெட்டையாவது தாமதிக்காமல் இன்றைக்கே உட்கார்ந்து எடுத்துவிடுங்கள்.

மற்றபடி நல்ல யோசனை. வீட்டு ஆண்களுக்கு என்ன வேலை என்று நீங்கள் எழுதவில்லையே?

---

அம்மாயி வீடு | ஏப்ரல் 7

நான் ஈரோட்டுப் பக்கம். எங்களுக்கு அப்புச்சி ஊர், அம்மாயி வீடு. படித்ததும் என் அத்தை நினைவு வந்தார்கள், அம்மாவின் தம்பி மனைவி. நாங்கள் 6 பேர் போய் இறங்குவோம். அத்தை சந்தைக்குப் போய்வந்து, சோறாக்கி, எருமைக்குத் தீவனம் வைத்து, எங்கள் துணியையும் துவைத்துப் போடுவார்கள். அவர்களுக்கும் ஒரு அம்மா வீடு உண்டு என்பதே எனக்கு அந்த அம்மா இறந்த துக்கத்துக்குப் போனபோதுதான் தெரிந்தது. அப்போது எனக்கு 15 வயது. நீங்கள் 8 வயசுப் பிள்ளை சொன்னதைக் காதில் வாங்கியிருக்கிறீர்கள். விடாதீர்கள்.

---

ஓய்வு ஆசிரியர் | ஏப்ரல் 7

சகோதரி, உங்கள் எண்ணம் நல்லதே. ஆனால் ஒரு கவலையைச் சொல்கிறேன். எங்கள் காலத்தில் கோடை விடுமுறை என்றால் 20 பேர் ஒரே கூரையின் கீழ் இருப்போம். யார் எவ்வளவு சாப்பிட்டார்கள், யார் எவ்வளவு வேலை செய்தார்கள் என்று எவரும் பார்த்ததில்லை. முறை வைத்து வேலை, பங்கு போட்டுச் செலவு என்று ஆரம்பித்தால் சொந்த வீடு விடுதி மாதிரி ஆகிவிடும். "நாங்கள் வருவது பாரமாகிவிட்டதோ" என்ற நினைப்பு ஒருமுறை வந்துவிட்டால் அடுத்த வருஷம் வரத்து குறையும். பிறகு பிள்ளைகள் ஒருவரையொருவர் கல்யாண வீட்டில் மட்டுமே பார்ப்பார்கள். அது இதைவிடப் பெரிய இழப்பு.

---

மூத்த மருமகள் | ஏப்ரல் 7

ஐயா, மரியாதையோடு சொல்கிறேன். எவரும் கணக்குப் பார்க்கவில்லை என்று சொல்கிறீர்கள். உலையில் எத்தனை படி அரிசி போடுவது என்று தினமும் ஒருத்தி கணக்குப் பார்த்துக்கொண்டுதான் இருந்திருப்பாள். தென்காசிப் பக்கம் ஒரு வீட்டில் நான்தான் அந்த மதினி. 18 வருஷமாக. அதனால் இந்த இழையில் கொஞ்சம் விவரமாகவே எழுதுகிறேன்.

எனக்கு நாத்தனார்கள் வருவது பிடிக்கும். இதை முதலில் சொல்லிவிடுகிறேன். அவர்கள் போன மறுநாள் வீடு வெறிச்சென்று இருக்கும், எனக்கே சோறு இறங்காது. வேலையைப் பற்றியும் எனக்குப் பயமில்லை. ஆளுக்கு 5 இட்லி என்றால் 70 இட்லி, நான்கு ஈடு, அது பழக்கம்தான். கஷ்டம் வேறு இடத்தில் இருக்கிறது.

"நான் ஏதாவது செய்யட்டுமா மதினி" என்று கேட்பார்கள். என்ன செய்யச் சொல்வது? வேலை சொன்னால் "விருந்துக்கு வந்தவளை வேலை வாங்குகிறாள்" என்று மாமியார் நினைப்பார்கள், அதனால் "வேண்டாம்" என்றுதான் என் வாயில் வரும். கேட்காதீர்கள். ஒரு வேலையை எடுத்துக்கொள்ளுங்கள், கிளம்பும் நாள்வரை அது உங்களுடையது. காலைக் காப்பி முழுக்க உங்களுடையது என்றால் பால் காய்ச்சுவதிலிருந்து டம்ளர் கழுவிக் கவிழ்ப்பது வரை நீங்கள்தான். நான் அந்தப் பக்கமே திரும்பவேண்டியதில்லை என்ற நிம்மதி இருக்கிறதே, அதுதான் உதவி. இரண்டு நாள் பாத்திரம் கழுவிவிட்டு மூன்றாம் நாள் கல்யாணத்துக்குக் கிளம்பிப் போய்விட்டால், அது முதலிலேயே செய்யாமல் இருந்ததைவிடக் கஷ்டம்.

அப்புறம் சமையலறையை மாற்றி அடுக்காதீர்கள். நல்ல மனசோடுதான் செய்வார்கள், ஆனால் கடுகு டப்பாவை ஒரு வாரம் தேடுவது நான்.

பணம். கையில் கொடுத்தால் நான் வாங்க மாட்டேன், என் வீட்டுக்காரர் கோபித்துக்கொள்வார். என் சின்ன நாத்தனார் ஒரு காரியம் செய்தாள். அவள் வருவதற்கு ஒரு வாரம் முன்னால் வீட்டு வாசலில் 25 கிலோ அரிசி மூட்டை, துவரம்பருப்பு, நல்லெண்ணெய் எல்லாம் வந்து இறங்கிவிட்டது. கேஸ் சிலிண்டருக்கும் அவளே போனில் பதிவு செய்து பணம் கட்டிவிட்டாள். எங்களுக்கு ஒன்றரை மாசம் வரும் சிலிண்டர், எல்லாரும் வந்தால் 15 நாளில் தீர்ந்துவிடும், அவளுக்கு அது தெரிந்திருந்தது. யாருக்கும் கௌரவக் குறைச்சல் இல்லை.

கடைசியாக ஒன்று, இதை யாரும் சொல்வதில்லை. ஊருக்குத் திரும்பும்போது கட்டிக் கொடுத்து அனுப்பும் வத்தல், வடகம், மோர் மிளகாய், மாங்காய் ஊறுகாய், தோசைப் பொடி. மூன்று வீட்டுக்கும் சேர்த்துச் செய்வது யார்? வீட்டில் ஆள் நிறைந்து கிடக்கும் அதே மாசத்தில், அதே அடுப்பில். வந்தவர்கள் அத்தனை பேரும் சேர்ந்து செய்து கொண்டுபோங்கள். பிள்ளைகளுக்கும் அது நல்ல விளையாட்டு.

---

தாமிரபரணிக்காரி | ஏப்ரல் 8

அக்கா, உங்கள் பதிவை மூன்று முறை படித்தேன். என் அக்காவுக்கும் அனுப்பிவிட்டேன். வத்தல் விஷயம் எனக்குத் தோன்றவே இல்லை. வருஷா வருஷம் பெரிய பிளாஸ்டிக் டப்பா நிறைய வாங்கிக்கொண்டுதான் வருகிறேன்.

ஆசிரியர் ஐயா, நீங்கள் சொல்லும் பயம் எனக்கும் இருக்கிறது. வரத்து நின்றுவிடக் கூடாது என்பதற்காகத்தான் இதைச் சரிசெய்யப் பார்க்கிறேன். அம்மாவுக்கு 70 தாண்டிவிட்டது. அம்மாவுக்குப் பிறகும் என் பிள்ளைகள் அந்த வீட்டுக்குப் போகவேண்டும் என்றால் அது மதினியின் வீடாகத்தான் இருக்கும். அவர்கள் மனசு களைத்துப்போனால் அப்புறம் யார் எங்களை வா என்பார்கள்?

இன்னொரு யோசனையும் இருந்தது. பிள்ளைகள் 8 பேரையும் மதினியோடு கோவில்பட்டிக்கே ஒரு 4 நாள் அனுப்பினால் என்ன? கரிசல் காட்டையும் அவர்கள் பார்க்கட்டுமே.

---

கரிசல் மண் | ஏப்ரல் 8

நான் கோவில்பட்டிக்காரன். பார்க்க நிறைய இருக்கிறது. கழுகுமலை வெட்டுவான் கோயிலைக் கட்டாயம் காட்டுங்கள், ஒரே பாறையை மேலிருந்து கீழாகக் குடைந்து செய்தது, 8-ஆம் நூற்றாண்டுப் பாண்டியர் வேலை, பாதியில் நின்றுபோனது. அது ஏன் பாதியில் நின்றது என்று பிள்ளைகள் கேட்கும் கேள்விக்கே அரை நாள் போய்விடும். பக்கத்துப் பாறையில் சமணச் சிற்பங்கள் வரிசை வரிசையாக இருக்கின்றன. எட்டயபுரத்தில் பாரதி பிறந்த வீடு. காலை 6 மணிக்கு மலைக்குப் போய் 9-க்குள் இறங்கிவிடவேண்டும், அதற்குமேல் பாறையில் கால் வைக்க முடியாது. திரும்பும்போது கடலை மிட்டாய்.

ஆனால் தங்க அனுப்பாதீர்கள். உங்கள் மதினிக்கு அண்ணன் தம்பி உண்டா? உண்டு என்றால் அந்த வீட்டிலும் ஒரு மருமகள் இருப்பாள். 8 பிள்ளைகளைக் கொண்டுபோய் இறக்கினால் இங்கே இறக்கிய சுமை அங்கே ஏறும்.

---

தாமிரபரணிக்காரி | ஏப்ரல் 8

தம்பி உண்டு, போன ஆவணியில்தான் கல்யாணம் ஆனது. நீங்கள் சொன்னது ரொம்பச் சரி. ஒரு நாள் வேன் வைத்துப் போய், கட்டுச்சோறு கொண்டுபோய்ச் சாப்பிட்டுவிட்டு, அந்த வீட்டில் ஒரு காப்பியோடு திரும்பிவிடுகிறோம்.

---

கிணற்றடி | ஏப்ரல் 9

கிணற்றுக் குளியல் என்று எழுதியிருக்கிறீர்கள், அதனால் இதைச் சொல்லியே ஆகவேண்டும். 25 வருஷமாக எங்கள் தோட்டத்துக் கிணற்றில் சொந்தக்காரப் பிள்ளைகளுக்கு நீச்சல் பழக்குகிறேன். மதினி இல்லாத 10 நாளில் சமையல் கவனத்தில் பிள்ளைகளை விட்டுவிடாதீர்கள்.

முதல் காரியம், கிணற்றுக்குள் ஒரு ஆள் இறங்கும் முன்னால் மோட்டார் சுவிட்சை அணைத்து, பியூஸ் கட்டையைப் பிடுங்கிச் சட்டைப்பையில் போட்டுக்கொள்ளுங்கள். சுவிட்சை மட்டும் அணைத்தால் போதாது, வேறு யாராவது வந்து போட்டுவிடுவார்கள். மின்சாரம் தண்ணீரில் கசிந்தால் நீச்சல் தெரிந்தவனும் தப்ப மாட்டான்.

பழகும் பிள்ளைக்கு முதுகில் காலி 5 லிட்டர் கேன், மூடி இறுக்கமாக இருக்கவேண்டும். நாங்கள் சின்ன வயதில் காய்ந்த சுரைக்குடுக்கை கட்டிக்கொள்வோம், இப்போது அது எங்கே கிடைக்கிறது. கயிற்றை இடுப்பில் கட்டாமல் அக்குளுக்குக் கீழே மார்பைச் சுற்றிக் கட்டுங்கள், இடுப்பில் கட்டினால் இழுக்கும்போது தலை கீழே போகும். முதல் இரண்டு நாள் படியைப் பிடித்துக்கொண்டு காலை அடிப்பது மட்டும்தான். மூன்றாம் நாள் முகத்தைத் தண்ணீரில் வைத்து மூச்சு விடுவது. பயம் போவதற்கு முன்னால் தூக்கிப் போடும் பழைய வழக்கம் வேண்டாம், அப்படிப் போட்டதில் தண்ணீர்ப் பக்கமே போகாமல் 40 வயதான ஆட்கள் எனக்குத் தெரியும்.

தண்ணீரில் 3 பிள்ளைகளுக்குமேல் ஒரே நேரத்தில் வேண்டாம். மேலே ஒரு பெரியவர் எண்ணிக்கொண்டே நிற்கவேண்டும். கையில் போன் கூடாது. முங்குகிற பிள்ளை சத்தம் போடாது, சத்தமே இல்லாமல்தான் போகும். ஒருவன் தத்தளித்தால் இன்னொரு பிள்ளை குதிக்கக் கூடாது, கயிற்றையோ சேலையையோ வீசவேண்டும். இதைச் சொல்லிக் கொடுத்தால் மட்டும் போதாது, ஒரு நாள் நிஜமாகவே வீசிப் பழகச் சொல்லுங்கள். தப்பித்தவறி ஏதாவது ஆனால் வயிற்றை அமுக்கித் தண்ணீர் எடுக்க முயலாதீர்கள். மூச்சு இல்லையென்றால் வாயில் மூச்சுக் கொடுத்து மார்பை அழுத்த ஆரம்பித்துவிட்டு 108-க்குப் போன். ரொம்ப நாள் மூடிக்கிடந்த கிணற்றுக்குள் யாரும் இறங்கவே கூடாது, உள்ளே விஷவாயு தேங்கியிருக்கும்.

ஆற்றில் படித்துறையை விட்டு நகரவேண்டாம். மணல் அள்ளிய இடங்களில் முழங்கால் தண்ணீருக்கு அடுத்த அடியே ஆள் மூழ்கும் பள்ளம் இருக்கும். மேலே அணையில் திறக்கும் அளவைப் பொறுத்து மட்டமும் மாறும்.

---

இரண்டு பிள்ளை அப்பா | ஏப்ரல் 9

பியூஸ் கட்டை விஷயம் எனக்குப் புதிது. குறித்துக்கொண்டேன். என் மூத்தவளுக்கு 13 வயது, ஊருக்குப் போனால் 3-ஆம் நாளே "போர் அடிக்கிறது" என்று போனை எடுத்துவிடுகிறாள். சின்னப் பிள்ளைகளோடு விளையாட மனசில்லை, பெரியவர்களோடும் ஒட்டவில்லை. என்ன செய்யலாம்?

---

மூத்த மருமகள் | ஏப்ரல் 10

அந்த வயசுப் பிள்ளைக்கு விளையாட்டு வேண்டாம், பொறுப்பு கொடுங்கள். எங்கள் வீட்டில் 12 வயது தாண்டியவர்கள் ஞாயிற்றுக்கிழமை ராத்திரிச் சாப்பாடு. பெரியவர்கள் அடுப்பறைக்குள் வரவே கூடாது. கூட்டாஞ்சோறு சரியான சாப்பாடு: அரிசி, பருப்பு, கத்தரிக்காய், வாழைக்காய், முருங்கைக்காய், மாங்காய், முருங்கைக்கீரை, அரைத்த தேங்காய் எல்லாம் ஒரே அண்டாவில். தொட்டுக்கொள்ளக் கூழ் வத்தல் பொரித்தால் போதும். போன வருஷம் உப்புக் கூடிப்போனது, எல்லாரும் தயிர் ஊற்றிச் சாப்பிட்டோம். அந்தப் பிள்ளைகள் இன்னும் அதைப் பற்றித்தான் பேசுகிறார்கள்.

---

ஓய்வு ஆசிரியர் | ஏப்ரல் 10

என் மனைவியிடம் நேற்று இதைப் படித்துக் காட்டினேன். கேட்டுவிட்டு, "நான் எங்க அம்மா வீட்டுக்குப் பொங்கலுக்கு இரண்டு நாள், அவ்வளவுதான் போவேன், உங்களுக்கு ஞாபகம் இருக்கா" என்று கேட்டார். எனக்கு ஞாபகம் இல்லை. 41 வருஷத்தில் இதைப் பற்றி நாங்கள் பேசியதே இல்லை.

பணம் பங்கிடுவதைப் பற்றி என் கருத்து மாறவில்லை. ஆனால் உங்கள் மதினியை அனுப்பி வையுங்கள் சகோதரி. உங்கள் அம்மாவிடம் "நான் உன்கூட 10 நாள் தனியாக இருக்க ஆசைப்படுகிறேன்" என்று சொல்லுங்கள். பொய்யாகவும் இராது, அம்மாவுக்கும் வருத்தமிராது.

---

தாமிரபரணிக்காரி | ஜூன் 11

போய்விட்டு வந்தாயிற்று. பள்ளிக்கூடம் திறந்த அவசரத்தில் எழுதத் தாமதமாகிவிட்டது. நடந்ததைச் சொல்கிறேன்.

மே 3 காலையில் போய் இறங்கினோம். மறுநாள் கத்திரி ஆரம்பம். மதினியிடம் போனில் முன்பே சொல்லியிருந்தேன், "பார்ப்போம்" என்று மட்டும் சொல்லியிருந்தார்கள். அம்மாவிடம் ஆசிரியர் ஐயா சொன்ன மாதிரிதான் பேச்சை எடுத்தேன். அம்மா பதில் சொல்லவில்லை. "மாட்டை யாரு கறப்பா" என்று மட்டும் கேட்டார்கள். அண்ணன் "நான் கறக்கேன்" என்றான். அதோடு பேச்சு முடிந்தது. 5-ஆம் தேதி காலை பஸ்ஸில் மதினியும் பிள்ளைகளும் கிளம்பினார்கள். அண்ணன் மகள் ஜன்னலோரம் உட்கார்ந்து கையை ஆட்டிக்கொண்டே போனாள்.

கிளம்பும்போது மதினி என் கையில் இரண்டு தாள் கொடுத்தார்கள். தினசரி காலண்டரில் கிழித்த தாள், பின்பக்கம் பென்சிலில் எழுதியிருந்தது. குடிதண்ணீர் வருவது ஒன்று விட்டு ஒரு நாள், காலை 5.40 முதல் 6.20 வரை. சின்னப் பசுவுக்குத் தவிடு முதலில், பெரியதுக்குப் பிறகு, மாற்றினால் முட்டும். பால் சொசைட்டிக்கு எத்தனை லிட்டர், வீட்டுக்கு எத்தனை. பம்புசெட் அறைச் சாவி எங்கே. அம்மாவுக்குப் பிரஷர் மாத்திரை எது காலை, எது ராத்திரி. இரண்டாவது தாளில் கடைசி வரி: "ராத்திரி அத்தை ரூம் கதவை முழுசா சாத்த வேண்டாம், இருட்டுன்னா பயப்படுவாங்க."

அம்மாவுக்கு இருட்டு பயம் என்று எனக்குத் தெரியாது. மகள் நான். அக்காவிடம் காட்டினேன், அவளுக்கும் தெரியவில்லை.

முதல் 3 நாள் ரொம்பத் திணறினோம். சென்னையில் ராத்திரி ஆட்டிவைத்தால் காலையில் சரியாக இருக்கும் மாவு, அங்கே மே மாச வெயிலில் விடியும் முன்பே பொங்கிப் புளித்துவிட்டது. 14 பேரில் 3 பேர் குறைந்தும் 11 பேருக்கு என்ன செய்வது என்று தெரியாமல் அன்றைக்கு உப்புமா. மாடு அண்ணனை இரண்டு நாள் கிட்டவே சேர்க்கவில்லை. அம்மாதான் "அவ சேலை ஒண்ணைப் போத்திக்கிட்டுப் போ" என்றார்கள். மதினியின் பழைய நூல் சேலையைத் தோளில் போர்த்திக்கொண்டு போய் உட்கார்ந்தான், மாடு மோந்து பார்த்துவிட்டு நின்றது.

வத்தலைப் பிள்ளைகளோடு சேர்ந்து போட்டோம். ராத்திரியே கூழ் கிண்டி வைத்து, விடிந்ததும் மாடியில் நனைத்த வேட்டியை விரித்து, ஆளுக்கொரு கரண்டி. சின்னவள் ஊற்றியது எல்லாம் தோசை அளவு. காக்காய்க்குக் காவல் என்று முறை வைத்து உட்கார்ந்து, பாதி காய்ந்த வத்தலைப் பிய்த்துத் தின்றே ஒரு மூலையைக் காலி செய்துவிட்டார்கள். அந்த நேரத்தில் வத்தலுக்கு ஒரு ருசி இருக்கும், வெளியே முறுகி உள்ளே பிசுபிசுப்பாக, பச்சை மிளகாய் வாசனையோடு. சாயங்காலம் வேட்டியின் பின்பக்கம் தண்ணீர் தெளித்து உரித்தோம். இந்த முறை என் டப்பா பாதிதான் நிறைந்தது, அது போதும்.

கிணற்றடி அண்ணாச்சி, பியூஸ் கட்டை என் வீட்டுக்காரர் சட்டைப்பையில்தான் இருந்தது. அவர் ஒரு வாரம் லீவு எடுத்து வந்தார். காலை 6 முதல் 8 வரை கிணறு அவர் பொறுப்பு, ராத்திரி தோசைக்கல்லும் அவர் பொறுப்பு. மகன் 9-ஆம் நாள் கேன் இல்லாமல் அந்தக் கரையிலிருந்து இந்தக் கரைக்கு வந்தான். சின்னவள் படியைப் பிடித்துக் காலடிப்பதோடு நிற்கிறாள், அவசரப்படுத்தவில்லை. கொய்யா மரத்திலிருந்து அக்கா மகன் விழுந்து முழங்கையில் தையல் போட்டதைத் தவிர வேறு காயம் இல்லை.

அம்மா இரண்டு நாள் முகம் கொடுத்துப் பேசவில்லை. மூன்றாம் நாள் ராத்திரி நான் கதவைப் பாதி திறந்து வைத்துவிட்டுப் பக்கத்தில் படுத்தேன். அம்மா இருட்டில் சொன்னார்கள், "நானும் எங்க அம்மா வீட்டுக்கு வைகாசி விசாகத்துக்குப் போகணும்னு ஒவ்வொரு வருஷமும் நெனப்பேன்." அதற்குமேல் ஒன்றும் சொல்லவில்லை, நானும் கேட்கவில்லை.

மதினி 10 நாள் என்று போனவர்கள் 12 நாள் இருந்தார்கள். அம்மாதான் போன் போட்டு "இன்னும் ரெண்டு நாள் இருந்துட்டு வா" என்றார்கள். நடுவில் ஒரு நாள் நாங்கள் வேனில் போய்க் கழுகுமலை பார்த்தோம், அந்த மலைமேல் எங்கள் பிள்ளைகளுக்கு வழிகாட்டியது அண்ணன் மகள். திரும்பி வந்தபோது மதினி கொஞ்சம் கறுத்திருந்தார்கள், தலையில் கனகாம்பரம். வந்ததும் நேராக அடுப்பறைக்குப் போய்ப் பார்த்துவிட்டு "கடுகு டப்பா அதே எடத்துல இருக்கே" என்றார்கள்.

---

மூத்த மருமகள் | ஜூன் 11

படித்து முடித்துவிட்டுக் கொஞ்ச நேரம் சும்மா உட்கார்ந்திருந்தேன். அவர்கள் திரும்பி வந்த பிறகு மீதி நாள் எப்படிப் போனது? பழையபடி அவர்கள் தலையிலேயே விழுந்துவிட்டதா?

---

தாமிரபரணிக்காரி | ஜூன் 12

காலைக் காப்பியும் டிபனும் நானும் அக்காவும் விடவில்லை, கடைசி நாள்வரை. மத்தியானச் சமையல் மதினி, அதை அவர்களே விரும்பிக் கேட்டு வாங்கிக்கொண்டார்கள். பாத்திரம் சித்தப்பா மகன் மனைவியும் பெரிய பிள்ளைகளும். துணி மட்டும் ஒழுங்குபடவில்லை, கடைசி வாரம் பாதி நாள் மதினிதான் துவைத்தார்கள். அதை அடுத்த வருஷம் பார்க்கவேண்டும். சிலிண்டரும் அரிசியும் நீங்கள் சொன்னபடியே முன்கூட்டி அனுப்பிவிட்டேன். அண்ணன் முதலில் முறைத்தான், அப்புறம் ஒன்றும் சொல்லவில்லை.

அடுத்த வருஷம் தேதியை மதினியே முடிவு செய்திருக்கிறார்கள். மே முதல் 15 நாள் அவர்களுக்கு, தம்பி மனைவி அந்த நேரம் தன் அம்மா வீட்டுக்குப் போய்விடுவாளாம். அதனால் நாங்கள் ஏப்ரல் கடைசியிலேயே போகவேண்டும். பிப்ரவரி கடைசியில் டிக்கெட் எடுக்க யாராவது எனக்கு இங்கேயே நினைவுபடுத்துங்கள்.